ஸ்பூல் டேப்புகளைத் தூக்கிப் போடாதீர்கள்: சங்கத்து ஆவணக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களுக்கும் ஆவணக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் ஜனங்கள் பாடியது பதிவாகியிருக்கும் பழைய ஸ்பூல் டேப்புகள், அதாவது சக்கரத்தில் சுற்றிய ஒலிநாடாக்கள், ‘எல்லாம் டிஜிட்டலாகிவிட்டதால்’ இந்த மாதக் கடைசிக்குள் அவை அப்புறப்படுத்தப்படும், மாடி அறை காலியாகும் என்று உங்கள் சுற்றறிக்கை சொல்கிறது. அறை எதற்கு வேண்டும், அதை யார் கேட்டார்கள் என்பதெல்லாம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தப் பேச்சுக்குள் நான் போகவில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: டேப்புகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஒலிப்பதிவு வேலையிலேயே தலை நரைத்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். தமிழில் எழுதுவதால் உங்களில் பாதிப் பேர் யாரையாவது படிக்கச் சொல்லித்தான் கேட்பீர்கள். ஆங்கிலப் படி ஒன்றும் செயலாளர் அம்மாவுக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன்.

போன மாத விழாவில் ‘புத்துயிர் பெற்ற குரல்கள்’ என்று அறிவித்து ஒரு கூத்துப் பாட்டைப் போட்டீர்கள். பாடியவரின் மகள் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். எண்பது தாண்டிய ஆயா, அதைக் கேட்பதற்கென்றே சாட்ஸ்வொர்த்திலிருந்து பேத்தி கூட்டி வந்திருந்தாள். டர்பனின் கேட்டோ மேனரில் குடியிருந்த காலத்தில் அவருடைய அப்பா வாத்தியாராக நின்று கூத்து நடத்தியவர். பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோதே ஆயா பேத்தியிடம் திரும்பி, “இது எங்கப்பா குரல் இல்லையே, யாரோ பாடுறாங்க” என்றார். மேடையிலிருந்து, தொழில்நுட்பம் குரலைச் சுத்தம் செய்திருப்பதால் அப்படித் தோன்றுகிறது என்று பதில் வந்தது. கை தட்டினீர்கள்.

அந்தக் கோப்பை உங்கள் கணினித் தம்பியிடம் கேட்டு வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். ஆயா சொன்னதுதான் சரி.

முதலில் வேகம். நம் தென்னாப்பிரிக்காவின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 50 அதிர்வு. பழைய ரெக்கார்டர்களில் அந்த மின்சாரத்தின் முனகல் பாட்டோடு சேர்ந்தே டேப்பில் ஏறிவிடும். உங்கள் கோப்பில் அது 53 ஹெர்ட்ஸில் நிற்கிறது. அப்படியென்றால் டேப்பை ஆறு சதவீதம் வேகமாக ஓட்டியிருக்கிறார்கள். பாட்டு அரைக் கட்டை ஏறிவிட்டது, குரலின் கனமும் போய்விட்டது. மகளுக்கு அடையாளம் தெரியாததில் என்ன ஆச்சரியம்? இருந்தாலும் இது தீர்க்கக்கூடிய கோளாறுதான். முனகல் 50-க்கு வரும்வரை கணினியிலேயே வேகத்தைக் குறைத்துவிடலாம்.

அடுத்ததற்குத்தான் தீர்வே கிடையாது. முதலில் வினாடிக்கு 48,000 சாம்பிள், அதாவது ஒலியை வினாடிக்கு அத்தனை முறை அளந்து, ஒழுங்காகத்தான் பதிவாகியிருக்கிறது. பிறகு எல்லாம் ஒரே பென்டிரைவில் அடங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். தம்பி ஏதோ ஓர் இலவச மென்பொருளில் போட, அது ஆறு சாம்பிளுக்கு ஒன்றை வைத்துக்கொண்டு மீதி ஐந்தை எறிந்துவிட்டது. எஞ்சியது வினாடிக்கு 8,000. நைக்விஸ்ட் என்ற பொறியாளர் 1928-இலேயே அடித்தளம் போட்டு, ஷானன் என்ற கணித அறிஞர் 1949-இல் நிறுவிக் காட்டிய விதி இங்கே வருகிறது: சாம்பிள் வேகத்தில் பாதிக்குக் கீழே உள்ள அதிர்வெண்தான் உருப்படியாக மிஞ்சும். இங்கே 4,000 ஹெர்ட்ஸ். நல்ல நிலையில் இருந்த வீட்டு ரெக்கார்டரே 10,000 வரை ஓரளவு பிடித்திருக்கும். சாம்பிளைக் குறைக்கும் முன் 4,000-க்கு மேற்பட்டதை வடிகட்டியிருந்தால் அது காணாமல் போயிருக்கும், அவ்வளவுதான். வடிகட்டவில்லை. அதனால் அது மடங்கிக் கீழே வந்து விழுந்திருக்கிறது. 5,000 ஹெர்ட்ஸ் ஒலி 3,000 ஆகிவிட்டது, 6,500 ஹெர்ட்ஸ் 1,500 ஆகிவிட்டது. கைத்தாளத்தின் சலங்கை போன்ற ஓசை பெரும்பாலும் அந்த மேல்பகுதியில்தான் இருக்கிறது. ஒவ்வொரு தட்டுக்கும் பாட்டுக்குள் ஒரு விசில் கேட்டதே, அது இதுதான். எது பாடியவரின் குரல், எது மடங்கி வந்த தாளம் என்று இனிமேல் எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது, இரண்டும் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டன. அந்த 48,000 சாம்பிள் மூலக் கோப்புகள் எங்கே என்று கேட்டேன். “இடம் போதலைன்னு அழிச்சிட்டோம் அங்கிள்” என்றார். தம்பியைக் குறை சொல்லவில்லை. சொன்னதைச் செய்தார்.

உங்கள் கோப்பில் ஒவ்வொரு சாம்பிளையும் எழுதியிருப்பது 8 பிட்டில், அதாவது எட்டே இலக்கத்தில்; அந்தக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மிகப் பெரிய ஒலிக்கும் மிக மெல்லிய ஒலிக்கும் இடையே பிடிக்கக்கூடிய தூரம் ஒரு பிட்டுக்கு ஏறக்குறைய 6 டெசிபெல். எட்டு பிட்டுக்கு 48. விருத்தத்தின் முடிவில் குரல் இறங்கி அடங்கும் இடமெல்லாம் அதற்குக் கீழே போய் மணல் உரசுகிற சத்தமாகிவிட்டது. வினாடிக்கு 8,000 சாம்பிள், 8 பிட் என்பது தொலைபேசிக்கு வைத்த அளவு. அந்தத் தொலைபேசியில்கூட மெல்லிய ஒலிக்கு நெருக்கமான படிகள், பெரிய ஒலிக்கு அகலமான படிகள் என்று பங்கிட்டுத்தான் அந்த எட்டு பிட்டைச் செலவழிக்கிறார்கள். நீங்கள் எல்லாவற்றையும் சம அளவாக வெட்டியிருக்கிறீர்கள். ஃபோனில் கேட்டிருந்தாலும் ஆயாவுக்கு இதைவிட நன்றாகக் கேட்டிருக்கும்.

மவுண்ட் எட்ஜ்கம்ப் பக்கம் வளர்ந்தவர்கள் நம்மில் பலர். அங்கிருந்த கரும்பு ஆலையில் சாற்றை எடுத்துக்கொண்டு சக்கையை ஒதுக்கிவிடுவார்கள். நீங்கள் சக்கையைப் பென்டிரைவில் வைத்துக்கொண்டு கரும்பை எறியப் போகிறீர்கள். டேப்புகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

செலவு என்பீர்கள். ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமான ஐயாசா சொல்லும் அளவு குறைந்தது 48,000 சாம்பிள், 24 பிட், முடிந்தால் 96,000. அந்த 96,000-இலேயே ஒற்றைத் தடமாகப் பதிந்தால் ஒரு மணி நேரப் பாட்டு சுமார் ஒரு ஜிகாபைட். ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்கில் 900 மணி நேரத்துக்கு மேல் அடங்கும். மாடி அறையில் உள்ள மொத்தமும் அதில் பாதிகூட வராது. மண்டபத்து எல்.இ.டி. திரைக்குக் கொடுத்த பணத்தை நினைத்தால் இந்த டிஸ்க் சிற்றுண்டிச் செலவு.

நம் ஆட்களுக்கு டிஜிட்டல் என்று சொல்லிவிட்டால் போதும், கற்பூரம் காட்டியாயிற்று, மேற்கொண்டு கேள்வி கிடையாது. பழைய கல்யாணப் பதிவேடுகளை ஃபோனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, அதையே ஆவணம் என்று சேமித்திருக்கிறோம். எழுத்து தெரியவில்லை, ஆனால் டிஜிட்டல்! நம் ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிக்கொண்டு முதல் கப்பலான ட்ரூரோ 1860 நவம்பர் 16 அன்று டர்பனுக்கு வந்த நாளை வருடம் தவறாமல் மாலை போட்டுக் கொண்டாடுகிறோம். அப்படிக் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பாடிய குரல் மாடியில் இருக்கிறது, அதற்கு ஓர் அலமாரி இல்லை. இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தைக் காட்டி கேட்டோ மேனரிலிருந்து விரட்டியபோதுகூட ஜனங்கள் பாத்திரம் பண்டத்தோடு இந்த டேப்புகளையும் தூக்கிக்கொண்டுதான் சாட்ஸ்வொர்த்துக்குப் போனார்கள். வெள்ளைக்கார அரசாங்கத்திடம் தப்பித்தவை நம் குழுவிடம் மாட்டிக்கொண்டன.

கோபத்தில் வார்த்தை நீண்டுவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகவே கேட்கிறேன்: மாதக் கடைசி என்ற கெடுவை எடுத்துவிடுங்கள். அறை அவசியம் வேண்டுமென்றால் டேப்புகளை என் வீட்டுக் கராஜுக்குக் கொண்டுபோக எழுத்தில் அனுமதி கொடுங்கள், வண்டிச் செலவு என்னுடையது. என்னிடம் ஓடுகிற நிலையில் ஒரு ஸ்பூல் மெஷின் இருக்கிறது. ஒவ்வொரு டேப்புக்கும், டேப்பைப் படிக்கும் ஹெட்டின் சாய்வைக் காதால் கேட்டுச் சரிசெய்து, பிறகுதான் பதிய வேண்டும். தம்பியையும் அனுப்பி வையுங்கள், கற்றுக்கொள்வார். முதலில் வாத்தியார் பாட்டை எடுப்போம்.

திறக்கும்போது வினிகர் வாடை அடிக்கும் டேப்புகள் சில இருக்கும். அவை அசிடேட், சிதையத் தொடங்கியவை. அவற்றை மட்டும் தனியே பிரித்துக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், மற்றவற்றோடு அடுக்க வேண்டாம், வெயிலிலும் காட்ட வேண்டாம். அவற்றைத்தான் அவசரமாகப் பதிய வேண்டும். உங்கள் பதில் வரும்வரை வேறு யாரும் அந்த அறையில் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சங்கத்தின் பழைய உறுப்பினன்,
டர்பன்