காலி வீட்டைக் காட்டப் போகும் பெண்

கோயம்புத்தூர்

அன்புள்ள செண்பகம்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் சென்னையில் ஒரு பில்டரிடம் விற்பனைப் பிரிவில் சேர்ந்திருக்கிறாள் என்று அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். முன்பின் தெரியாதவர்களுக்கு வீடு காட்ட அவள் தனியாகப் போவதை நினைத்து உனக்குத் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். இதே தொழிலில் இருக்கும் எனக்கு, அந்தக் கவலை வீண் என்று சொல்ல மனம் வரவில்லை.

லண்டனில் வீட்டுத் தரகு நிறுவனம் ஒன்றில் வேலை செய்த சூசி லாம்ப்ளூ என்ற 25 வயதுப் பெண், 1986 ஜூலை 28 அன்று ஃபுல்ஹாம் பகுதியில் வீடு காட்டப் புறப்பட்டவர், திரும்பவே இல்லை. இன்றுவரை உடலும் கிடைக்கவில்லை. அவருடைய நாட்குறிப்பில் நேரமும் இடமும் ‘மிஸ்டர் கிப்பர்’ என்ற பெயரும் இருந்தன. ஆனால் அந்தப் பெயரில் வந்தவர் யார் என்பது இன்றும் உறுதியாகவில்லை. பெற்றோர் அதே ஆண்டில் அவர் பெயரில் தொடங்கிய அறக்கட்டளை, தனியே வேலை செய்வோரின் பாதுகாப்புக்காகவும் உழைத்துவருகிறது. 2014இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பெவர்லி கார்ட்டர் என்ற முகவரும் வீடு காட்டப் போன இடத்தில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார்.

ஆகவே, போனில் சொன்ன பெயரை அப்படியே குறித்துவைப்பதில் பயனில்லை. எங்கள் அலுவலகத்தில், வாடிக்கையாளர் முதலில் நேரில் வந்து அடையாள அட்டையைக் காட்டிய பிறகுதான் சைட்டுக்கு அழைத்துப் போகிறோம். அவர் காரில் நாங்கள் ஏறுவதில்லை. மின் இணைப்பு வராத அடுக்ககங்களைப் பொழுது சாய்ந்தபின் காட்டுவதில்லை. அறைக்குள் வாடிக்கையாளரை முன்னே போகவிட்டு, நாம் வாசல் பக்கமே நிற்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, குறித்த நேரத்தில் போன் வராவிட்டால் உடனே தேடிப் புறப்படுவதற்கென்று அலுவலகத்தில் ஒருவர் பொறுப்பேற்றிருப்பது.

இவையெல்லாம் தெரிந்தும் பெண்கள் தனியாகப் போவதற்குக் காரணம் துணிச்சல் என்று நான் நினைக்கவில்லை. மாத இலக்கும், இந்த வாடிக்கையாளர் வேறு இடத்துக்குப் போய்விடுவாரோ என்ற பயமும்தான் அவர்களைத் துரத்துகின்றன. “வேண்டாம், நாளைப் பகலில் போகலாம்” என்று சொன்ன பெண்ணை மேலாளர் கடிந்துகொள்ளும் இடத்தில் போனில் வைத்திருக்கும் எந்தப் பாதுகாப்புச் செயலியும் உதவாது. 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், வேலை நிமித்தமாகச் செல்லும் இடத்தையும் பணியிடமாகவே கருதுகிறது. அங்கே எதிர்ப்படும் வெளியாரிடமிருந்து பாதுகாப்பு அளிப்பதையும் முதலாளியின் கடமையாக்குகிறது. உன் மகள் இதைச் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை.

விளம்பரங்களில் அவளுடைய சொந்த எண்ணைப் போடாமல், அலுவலக எண்ணையே போடச் சொல். அவள் சைட்டுக்குப் போயிருக்கும்போது அவள் போனை எதிர்பார்த்திருப்பவர் யார் என்பதையும் மறக்காமல் கேட்டு எழுது. அப்படி ஒருவரும் இல்லை என்றால், அடுத்த மாதம் சென்னை வரும்போது அவளுடைய மேலாளரிடம் நானே பேசுகிறேன்.

அன்புடன்,
வசந்தா