641ஆல் வகுபடுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் சிறுவர் பக்கத்தில் 4294967297 என்ற எண்ணைப் பகா எண் (ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் மீதியில்லாமல் வகுபடாத எண்) என்று போட்டிருந்தீர்கள். அது பகா எண் அல்ல. 641ஆல் மீதியில்லாமல் வகுபடும்; ஈவு 6700417.

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். அன்று உங்கள் பக்கத்தைத்தான் வாசிக்க வைத்தேன். அந்த எண்ணைத் தமிழில் சொல்லவே வெகுநேரம் ஆயிற்று. பள்ளியில் மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்துப் பழகியவர்களுக்குக் கோடியும் லட்சமும் பிடிபடவில்லை. ஒரு சிறுமி 'நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு' என்று தடுக்காமல் சொல்லி முடித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். அப்புறம் ஒரு பையன் கேட்டான்: "மிஸ், இது நிஜமாவே எதாலயும் வகுபடாதா?" அந்தக் கேள்விக்காகத்தான் எழுதுகிறேன்.

இது சாதாரணமான தவறு இல்லை. பிரான்சின் துலூஸ் நகரத்துக் கணித மேதை ஃபெர்மாவே செய்த தவறு. 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்கள். இரண்டை முறையே 1, 2, 4, 8, 16 தடவை எழுதிப் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் இவை கிடைக்கும். அடுத்தது 32 தடவை. அதுதான் நம் எண். இந்த வரிசை முழுவதுமே பகா எண்கள்தான் என்று 1640இல் ஃபெர்மா நம்பினார். தன்னிடம் நிரூபணம் இல்லை என்றும் எழுதினார். 1732இல் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்கில் இருந்த கணித மேதை ஆய்லர், நம் எண் 641ஆல் வகுபடும் என்று காட்டினார்.

அதை எப்படிப் பிடிப்பது என்பதுதான் அழகு. இந்த எண்ணை வகுக்கக்கூடிய பகா எண் எதுவானாலும், அதை 64ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். பிறகு ஆய்லரே இதை விளக்கினார். அப்படிப்பட்ட பகா எண்களைச் சிறியதிலிருந்து எடுத்தால் 193, 257, 449, 577, அடுத்து 641. ஐந்தாவது முயற்சியிலேயே விடை! கணிப்பொறி வேண்டாம், ஒரு தாளும் பென்சிலும் போதும்.

என் வகுப்பில் வகுத்துப் பார்த்தோம். 6, 7 என்று வந்தபின் ஈவில் அடுத்தடுத்து இரண்டு பூஜ்யம் விழும். பாதிப் பிள்ளைகள் அங்கேதான் சறுக்கி 67417 என்று எழுதினார்கள். திருத்திக்கொண்டு கடைசியில் மீதி பூஜ்யம் என்று கண்டதும் கேள்வி கேட்ட பையன் எழுந்தே நின்றுவிட்டான்.

ஆகவே அடுத்த இதழில் திருத்தம் போடும்போது விடையை மட்டும் போடாதீர்கள். வகுத்தல் முழுவதையும், அந்த இரண்டு பூஜ்யங்களும் தெரியும்படி அச்சிடுங்கள். 641ஐ ௬௪௧ என்றும் போடுங்கள். நம் மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் இலக்கங்களைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். ஆனால் ௬, ௪ இரண்டும் எந்த நோட்டிலும் வராதவை.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை,
ரோஸ் ஹில், மொரீஷியஸ்