பொருளாளர் போஸ்ட்டக் கேளு தாயி

தாயி, நேத்து நீ போன் பண்ணையில தலையில கருவாட்டுக் கூடை, பஸ்ஸும் வந்துருச்சு, அதான் சரியாப் பேச முடியல. கபடிச் சங்கத்துல துணைத்தலைவி போஸ்ட் தர்றாகன்னு சந்தோஷமாச் சொன்ன. எனக்கு பாதி சந்தோஷந்தான்.

ஒனக்குச் சொல்லாத கதை ஒண்ணு இருக்கு. நீ அஞ்சாப்பு படிக்கையில நம்மூரு கபடி கிளப்ப பதிவு பண்ணணும், பொம்பளை பேரும் வேணும்னு எம்பேரையும் எழுதிக்கிட்டாக. கூட்டம் எப்பவும் ராத்திரி ஒம்பதுக்கு மேல, வலை கெடக்குற கொட்டகையில. அந்நேரத்துக்கு நான் எங்க போறது, ஒனக்கு யாரு சோறு போடுறது? விடிஞ்சா ஒரு பய, கூட்டத்துல முடிவு பண்ணுனத எழுதுற மினிட் நோட்டோட வாசல்ல நிப்பான். மீன் அலசுன கைய முந்தானையில தொடச்சுட்டுக் கையெழுத்துப் போடுவேன், ஈரத்துல இங்க் ஊறி எம்பேரு பாதி அழிஞ்சுரும். ஒருநா பாத்தா மேல ஒரு எழுத்து இல்ல, வெத்துப் பக்கம். "அண்ணன் பெறகு எழுதிக்கிருவாக அத்தை"ங்கிறான், நானும் கிறுக்கி மாதிரி போட்டுக் குடுத்துட்டேன். அந்தப் பொங்கலுக்கு வசூல் பண்ணுன காசுல பொம்பளப்புள்ளைக டீமுக்கு ஒரு பனியன் கூட வாங்கல, என்னய்யான்னு கேட்டா நீங்களுந்தான கையெழுத்துப் போட்டுருக்கீகன்னு நோட்ட விரிச்சுக் காட்டுறாக!

இத்தனைக்கும் நம்ம பக்கம் பாசி எடுக்குற பொம்பளைக மாசத்துக்கு 12 நாளுதான் கடல்ல எறங்குறதுன்னு அவுகளே கூடிப் பேசி கட்டுப்பாடு வச்சவுக. அவுகள்ல ஒருத்தி சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015ல சீகாலஜிங்குற அமெரிக்க அமைப்பு விருதே குடுத்துச்சு. கடலுக்குச் சட்டம் போடத் தெரிஞ்சவளுக்கு ஒரு கபடி கிளப்போட கணக்கு தெரியாதாக்கும்.

உஷா ஜெயிக்கலயாம்மான்னு கேப்ப. 1927ல ஆரம்பிச்ச இந்திய ஒலிம்பிக் சங்கத்துக்கு 2022 டிசம்பர்லதான் பி.டி. உஷா தலைவரா வந்தாக, மொத பொம்பளை. ஒலக ஒலிம்பிக் கமிட்டி 1894ல தொடங்குனது, அங்க ஜிம்பாப்வே நீச்சல்காரி கிறிஸ்டி கவன்ட்ரி மொத பொம்பளைத் தலைவரா வந்தது 2025ல. அவுக ரெண்டு பேரும் மெடல், ரெக்கார்டுன்னு பேரெடுத்துட்டு வந்தவுக, அவுக பக்கத்துல ஒக்காந்துருக்குற ஆம்பளைக எத்தன பேரு மைதானத்துல ஓடிருப்பாகளாம்? நீ அனுப்புன புது விளையாட்டுச் சட்டத்து நியூஸயும் தம்பி வாசிச்சுக் காமிச்சான், டெல்லி பெரிய சங்கங்கள்ல கமிட்டிக்கு 15 பேருக்கு மேல கூடாது, அதுல நாலு பேராவது பொம்பளை இருக்கணுமாம். நல்லதுதான். ஆனா எந்த நாற்காலின்னு போடலயே.

துணைத்தலைவின்னா குத்துவெளக்கு ஏத்தவும் கப்பு குடுக்கையில பக்கத்துல நிக்கவுந்தான் கூப்புடுவாக. நீ பொருளாளர் கேளு, செக்குல ஒங்கையெழுத்து வேணும்ல, அப்ப ஒன்னையத் தேடி வந்துதான ஆகணும். இல்லைனா டீம் எடுக்குற செலக்சன் கமிட்டியக் கேளு. ஓட்டு யாரு கையில இருக்குன்னும் முன்னாடியே விசாரி, எல்லாம் கிளப் செயலாளருகன்னா ஒன்கூட ஆடுன புள்ளைகள ரெண்டு கிளப்ப ஆரம்பிக்கச் சொல்லு. கூட்டத்த சாயங்காலம் அஞ்சு மணிக்கு வைக்கச் சொல்லு, மாப்பிள்ளைட்ட அன்னைக்குப் புள்ளயப் பாத்துக்கிறச் சொல்லு, அவுக ஒண்ணும் கொறஞ்சு போயிற மாட்டாக.

நெத்திலிக் கருவாடு அரைக்கிலோ பஸ்ல குடுத்துவிட்டுருக்கேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மாட்டுத்தாவணியில போயி வாங்கிக்க. கண்டக்டர் நாத்தம் நாத்தம்னு சலிச்சுக்கிட்டாரு, மூணு கவர் போட்டுக் கட்டிருக்கேன்.

அம்மா
பாம்பன்