சந்தை மண்டப வேலை: உறவுகள் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். சந்தை மண்டபத்தைப் புதுப்பிக்கும் வேலை ஞாயிற்றுக்கிழமை காலை தொடங்குகிறது.

முதல் வேலை தூண்களில். முன்பு பூசிய சிமெண்டை முழுவதும் கொத்தி எடுக்கிறோம். கீரைக்கார ஆச்சி சாய்ந்து உட்காரும் தூணைத் தொட்டுப் பாருங்கள், உப்புப் பூத்து மாவாக உதிர்கிறது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். அதனால் நீற்றிய சுண்ணாம்பு, மணல், கடுக்காய் ஊறல், வெல்லத் தண்ணீர் என்று நம் செட்டிநாட்டு வீடுகளுக்குப் பூசிய முறையிலேயே பூசுகிறோம். ஆறப் பொறுக்க வேண்டும், தயவுசெய்து யாரும் அவசரப்படுத்த வேண்டாம்.

தரைக்கு ஆத்தங்குடிக் கல் (கையால் செய்யும் பூ வேலைப்பாட்டுத் தரை ஓடு) கேட்டிருந்தீர்கள். நடைபாதைக்குச் சரி. மீன், காய்கறிப் பக்கம் வேண்டாம், ஈரத்தில் வழுக்கும். அங்கே கொத்திய கருங்கல் பலகைதான்.

தேக்கு உத்தரங்களில் ஆணி அடிக்காமல் மின்கம்பிகள் குழாய் வழியாகப் போகும். எல்இடி விளக்கு, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, தள்ளுவண்டி ஏறச் சாய்தளம் எல்லாம் வருகின்றன. கூரை மழைநீர் பழையபடி ஊருணிக்கே போகும். அந்த வாய்க்காலில் தயவுசெய்து குப்பை போடாதீர்கள், இப்போதே பாதி அடைத்துக் கிடக்கிறது.

2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன. நம் மண்டபத்தையும் அந்த அக்கறையோடு பார்ப்போம்.

கடைக்காரர்கள் சனிக்கிழமை இரவுக்குள் சாமான்களை எடுத்துவிடுங்கள். அப்புறம், மண்டபத்தின் பழைய படம் வைத்திருப்பவர்கள் இங்கேயே போடுங்கள். வாசல் வளைவு முதலில் எப்படி இருந்தது என்று கொத்தனாருக்குக் காட்ட வேண்டும்.