மணி பிளான்ட்டுக்கு இருளும் வேண்டாம், தினமும் நீரும் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மணி பிளான்ட் வளர்ப்பு குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான குறிப்பைப் படித்தேன். "வெளிச்சமே தேவையில்லை, தினமும் நீர் ஊற்றினால் போதும்" என்று அதில் கூறப்பட்டிருந்த இரண்டு அறிவுரைகளும் அச்செடியின் இயல்புக்கு மாறானவை என்பதால் இதை எழுதுகிறேன்.

பசிபிக் பெருங்கடலிலுள்ள பிரெஞ்சு பாலினேசியாவின் மூரேயா தீவைத் தாயகமாகக் கொண்ட இக்கொடி, சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்தது. மரத்தைக் காற்றுவேர்களால் பற்றிக்கொண்டு வெளிச்சத்தை நோக்கி ஏறுவது அதன் பிறவிக் குணம். மங்கலான மூலையில் வைத்தாலும் உடனே பட்டுப்போகாது என்பது உண்மைதான். ஆனால் இருளைப் பொறுத்துக்கொள்வது வேறு, விரும்புவது வேறு. வெளிச்சம் குறைந்தால் கணுக்களுக்கிடையே தண்டு நீண்டு மெலியும்; புதிய இலைகள் சிறுக்கும்; அவற்றின் அழகுக்குக் காரணமான மஞ்சள் தீற்றுகளும் மங்கிப்போகும். நேர் வெயில் இலையைக் கருக்கிவிடும் என்பதால், வெயில் படாத, வெளிச்சம் நிறைந்த ஜன்னலோரமே ஏற்ற இடம்.

நீரைப் பற்றிய அறிவுரைதான் அதிகக் கேடு விளைவிப்பது. வேர்களுக்கு ஈரத்தைப் போலவே காற்றும் தேவை. மண்ணின் இடைவெளிகள் ஓயாமல் நீரால் அடைபட்டிருந்தால் வேர் மூச்சுவிட வழியின்றி அழுகிவிடும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச இயலாததால் தொட்டி நனைந்திருக்கும்போதே இலைகள் வாடும். வாட்டத்தைக் கண்டவர் செடிக்குத் தாகம் என்றெண்ணி மேலும் ஊற்றுவார். கிழமைக் கணக்கை விட விரலே நம்பகமான அளவுகோல்: மேல்மண் 3 செ.மீ. ஆழம் வரை உலர்ந்த பின், தொட்டியின் அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றி, கீழ்த்தட்டில் தேங்குவதைக் கொட்டிவிட வேண்டும். வெறும் நீர்க் குப்பியில் இதே கொடி தழைக்கிறதே என்று சிலர் கேட்பர். அங்கே முளைக்கும் வேர்கள் தொடக்கத்திலிருந்தே நீருக்குப் பழகியவை. மண்ணுக்குப் பழகிய வேர்களுக்கு அது பொருந்தாது. குப்பி நீரையும் வாரம் ஒரு முறையேனும் மாற்றாவிட்டால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அதில் முட்டையிட்டுப் பெருகும்.

பற்றி ஏற ஓர் ஊன்றுகோல் தரவேண்டும் என்பதைக் குறிப்பு தொடவே இல்லை. தொங்கவிட்ட கொடியில் இலைகள் உள்ளங்கையளவிலேயே நின்றுவிடும். தென்னை நார் சுற்றி ஈரமாக வைத்த கழியில் ஏறவிட்டால் அடுத்தடுத்து வரும் இலைகள் பெரிதாகின்றன. மரத்தில் ஏறி முதிர்ந்த கொடியின் இலைகளோ அரை மீட்டரையும் தாண்டி, ஓரங்கள் கிழிபட்டாற்போல் பிளந்திருக்கும்.

இச்செடி அறைக் காற்றைத் தூய்மைப்படுத்தும் என்ற கூற்றையும் அளவோடு கொள்வது நல்லது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும், 1989-இல் வெளியான நாசா ஆய்வு, மூடி அடைத்த சிறு கூண்டுகளில் நடத்தப்பட்டது; காற்று வந்துபோகும் அறையில் ஓரிரு தொட்டிகளால் அந்தப் பயன் கிட்டாது.

இலையிலும் தண்டிலும் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உள்ளன. மென்றால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கக்கூடும். ஆகவே குழந்தைகளுக்கும் பூனை, நாய்களுக்கும் எட்டாத இடத்தில் இதை வைக்க வேண்டும் என்ற எச்சரிக்கையை, அக்குறிப்பின் திருத்தத்தோடு சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்