மறைத்து வைத்த பெயர்களை வெளியே காட்டுங்கள்

தலைமை அலுவலக நிதிப் பிரிவு அதிகாரிகளுக்குக் கிளைக் கணக்கர் ஒருவரின் திறந்த மடல்

வணக்கம்.

வாடிக்கையாளருக்கு விலை சொல்லக் கிளைகள் பயன்படுத்தும் எக்செல் கொட்டேஷன் கோப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதில் மொத்தத் தொகை தவறாக வருவதைப் பற்றிக் கிளைகள் அனுப்பிய மின்னஞ்சல்கள் உங்களிடமே இருப்பதால் கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. கோரிக்கை இதுதான்: ஏப்ரலில் புதிய நிதியாண்டுக் கோப்பை அனுப்பும் முன், அதற்குள் மறைத்து வைக்கப்பட்டிருக்கும் பெயர்களை நேம் மேனேஜரில் தெரியும்படி செய்யுங்கள். வேண்டாதவற்றை நீக்குங்கள். எக்செல்லில் ஒரு செல்லுக்கோ மதிப்புக்கோ பெயர் வைத்து, அந்தப் பெயரை ஃபார்முலாவில் பயன்படுத்தலாம்; அப்படி வைத்த பெயர்களைப் பட்டியலிடும் இடம்தான் நேம் மேனேஜர்.

2025 செப்டம்பர் 22 அன்று சிமென்ட்டுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. உங்கள் சுற்றறிக்கை தாமதமின்றி வந்தது, அதில் குறையில்லை. கூடவே கோப்பும் புதிதாக வந்தது. விகிதங்கள் தாளில் சிமென்ட்டுக்கு எதிரே 18 என்று தடித்த எழுத்தில் இருந்தது. ஆனால் மொத்தத்தைக் கணக்கிடும் ஃபார்முலா அந்தத் தாளை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 'டேக்ஸ்_சிஎம்' என்ற ஒரு பெயரிலிருந்து அது விகிதத்தை எடுத்தது. நேம் மேனேஜரைத் திறந்தால் அப்படியொரு பெயரே கிடையாது. காலிச் செல் ஒன்றில் சமக்குறி போட்டு அந்தப் பெயரை அடித்துப் பார்த்தோம். 0.28 என்று வந்தது. எந்தக் காலத்திலோ யாரோ விகிதத்தைச் செல்லில் வைக்காமல் பெயருக்குள்ளேயே வைத்து, பெயரையும் மறைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இதை நாங்களாகத் தேடிப் போகவில்லை. வீடு கட்டும் ஓர் அம்மா 500 மூட்டைக்கு விலை கேட்டு வந்தார். வரிக்கு முந்தைய விலை மூட்டைக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 354 வர வேண்டிய இடத்தில் 384 வருகிறது. 500 மூட்டைக்கு 15,000 ரூபாய் கூடுதல். அவர் கைபேசியில் கணக்குப் போட்டுக் காட்டி, "அரசாங்கம் குறைத்ததை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்டார். கவுண்டரில் இருந்த இளைஞர், "கம்ப்யூட்டரில் அப்படித்தான் வருகிறது அம்மா" என்றார். பில் போடும் மென்பொருள் வேறு, அதில் 18 சதவீதம்தான் விழும் என்று நான் எழுந்து வந்து விளக்கினேன். நிறுவனத்தின் முத்திரையோடு அவர் கையில் ஒரு தாள் இருக்கும்போது என் விளக்கம் எடுபடுமா? அடுத்த தெருக் கடையில் வாங்கிக்கொண்டார். எங்களைத் திருடர்கள் என்று சொல்லாமல் போனதே பெரிது.

இதற்கு உங்களிடமிருந்து வந்த பதில்: "மொத்தத் தொகையைக் கையால் திருத்திக்கொள்ளவும்." நல்லது. அப்படியானால் எக்செல் எதற்கு? கால்குலேட்டரும் கார்பன் தாளும் வாங்கி அனுப்பியிருக்கலாம்.

நீங்களே சரிசெய்யக் கூடாதா என்று கேட்பீர்கள். மறைந்த பெயரை வெளியே கொண்டுவர எக்செல் மெனுவில் வழி இல்லை. மேக்ரோவில், அதாவது எக்செல்லுக்குள் எழுதும் சிறு நிரலில், அந்தப் பெயர் தெரிய வேண்டுமா என்பதைச் சொல்லும் 'விசிபிள்' பண்பை 'ட்ரூ' ஆக்க வேண்டும். நாலு வரிகூட ஆகாது. ஆனால் பாதுகாப்புக் கருதிக் கிளைக் கணினிகளில் மேக்ரோவை அடைத்து வைத்திருக்கிறீர்கள். அதுவும் நியாயமான முடிவுதான். பூட்டியது நீங்கள், சாவி இருப்பதும் உங்களிடம், வாசலில் நின்று வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வது மட்டும் நாங்கள். கோப்பை ஜிப்பாகப் பிரித்து உள்ளிருக்கும் எக்ஸ்எம்எல்லைத் திருத்தும் வழியும் உண்டு. அதைச் செய்துவிட்டுத் தணிக்கையில் யார் பதில் சொல்வது?

மாதக் கடைசியில் தாளை வேறு கோப்புக்கு நகலெடுத்தால், 'இந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது' என்ற கேள்வி ஒவ்வொரு பெயருக்கும் வந்துகொண்டே இருக்கும். 'ஆம்' என்றால் போய்ச் சேரும் கோப்பின் மதிப்பு நிற்கும். 'இல்லை' என்றால் வேறு பெயர் வைக்கச் சொல்லும். எந்த மதிப்பு சரி என்று பார்க்கலாம் என்றால் பெயர்தான் கண்ணில் படாதே. எல்லாரும் 'ஆம்' அடித்துத் தள்ளுகிறார்கள். சில பெயர்கள் யாருடைய மடிக்கணினியிலோ இருந்த பழைய கோப்பைச் சுட்டுகின்றன. இணைப்பைத் துண்டித்தாலும் அவை போவதில்லை.

திவாலான அமெரிக்க முதலீட்டு வங்கி லேமன் பிரதர்ஸின் சொத்துகளை 2008-இல் பிரிட்டிஷ் வங்கி பார்க்லேஸ் வாங்கியபோது, எக்செல்லில் மறைத்திருந்த வரிசைகள் பிடிஎஃப் ஆக்கும்போது வெளியே வந்து, வேண்டாம் என்று ஒதுக்கிய 179 ஒப்பந்தங்கள் வாங்கும் பட்டியலில் ஏறிவிட்டன. திருத்தம் கேட்டுப் பார்க்லேஸ் தரப்பினர் நீதிமன்றம் போனார்கள். நாங்கள் எங்கே போவது? வரி விகிதம் மட்டுமா மறைவில் இருக்கிறது? தள்ளுபடி வரம்பு, லாரி வாடகைக் கணக்கு எல்லாமே கிளைக்குத் தெரிந்தால் கெட்டுவிடும் என்ற நினைப்பு. பதவி உயர்வுப் பட்டியலையும் இந்தக் கோப்பில்தான் வைத்திருக்கிறீர்களோ என்னவோ!

மன்னிக்கவும், விஷயத்துக்கு வருகிறேன். மறைந்திருக்கும் எல்லாவற்றையும் கண்மூடித்தனமாக அழிக்கச் சொல்லவில்லை. ஃபில்டர், சால்வர் போன்ற தன் சொந்த வசதிகளுக்காக எக்செல் தானே மறைத்து வைக்கும் பெயர்கள் உண்டு, அவை இருக்கட்டும். ஆட்கள் மறைத்தவற்றைக் காட்டுங்கள். விகிதத்தை விகிதங்கள் தாளின் செல்லிலேயே வைத்து, பெயர் அந்தச் செல்லைச் சுட்டும்படி செய்யுங்கள். நாங்கள் கை வைப்போம் என்று பயமிருந்தால் தாளுக்குக் கடவுச்சொல் போடுங்கள், பார்க்க முடிந்தால் போதும். பழைய கோப்பையே 'சேவ் ஆஸ்' கொடுத்துப் புதியது என்று அனுப்பும் வழக்கம் இந்த ஏப்ரலோடு நிற்கட்டும். அனுப்பும் முன் ஒரு கிளையில் சோதித்துப் பார்க்க விரும்பினால் எங்கள் கிளை தயாராக இருக்கிறது. மார்ச் இரண்டாம் வாரத்துக்குள் கோப்பு கிடைத்தால் சரிபார்த்துத் தர முடியும். தயைகூர்ந்து ஆவன செய்யுங்கள்.

இப்படிக்கு,
கிளைக் கணக்கர்