பூச்சந்தையும் 620 அடிக் குழாயும்

மதுரை

அன்புள்ள நண்பா,

ஆறு மாதமாகப் பதில் போடாததற்கு உன்னிடம் என்ன வசவு கிடைக்கும் என்று தெரியும். அதை நேரில் வாங்கிக்கொள்கிறேன். தங்கை மகளின் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. நீ வராத கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தக் கல்யாணத்துக்குப் பூ வாங்க விடியற்காலை நான்கு மணிக்கு மாட்டுத்தாவணிக்குப் போயிருந்தேன். முந்தின நாள் கிலோ 600 ரூபாய்க்குப் போன மல்லிகை அன்று 1,400 என்றதும், ஈரச்சாக்கின் முன்னால் நின்றபடி "பகல் கொள்ளை" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். கமிஷன் கடைக்காரர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், "இன்னும் விடியவே இல்லையேண்ணே" என்றார். பக்கத்தில் திருமங்கலத்துப் பக்கத்துப் பெண் ஒருவர், சாக்கின் வாயை அவிழ்க்காமலே, நிலக்கோட்டைப் பூச்சந்தையில் என்ன விலை போகிறது என்று கைப்பேசியில் விசாரித்துக்கொண்டிருந்தார்.

பத்து கிலோ வாங்கப் போனவன் ஆறு கிலோவோடு நிறுத்திக்கொண்டு, மீதிக்குச் சம்பங்கி எடுத்தேன். நான் விட்ட நான்கு கிலோ வேறொரு கல்யாண மண்டபத்துக்குப் போயிருக்கும். என் தங்கை மகள் யாரென்றே அறியாதவர்கள், தங்கள் கடனுக்காகவும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்காகவும், இருட்டில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மொட்டுப் பறித்ததால்தான் அவள் மணமேடை மணத்தது. நமக்குப் பொருளாதாரம் நடத்திய 'வளைகோடு' ஐயா ஒரு பருவம் முழுக்கக் கரும்பலகையில் போட்டுக் காட்டியும் உன் மண்டையிலும் என் மண்டையிலும் ஏறாததை, சரக்கு எங்கே போகவேண்டும் என்று விலைதான் வழிகாட்டுகிறது என்பதை, அந்தச் சாக்குக்காரப் பெண் ஒரு தொலைபேசி அழைப்பில் ஏற்றிவிட்டார்.

வீட்டுக்கு வந்து, பொருளாதார மேதை ஆடம் ஸ்மித்தின் 'நாடுகளின் செல்வம்' நூலை மறுபடி எடுத்தேன். இறைச்சிக் கடைக்காரரும் ரொட்டி சுடுபவரும் கருணையால் நமக்குச் சோறு போடவில்லை, தங்கள் நலனைப் பார்ப்பதால் போடுகிறார்கள் என்று 1776இல் அவர் எழுதியது நமக்கு மனப்பாடம். ஆனால் ஐயா பக்கத்துக்குப் பக்கம் இருப்பதுபோல முழங்கிய அந்தக் 'கண்ணுக்குத் தெரியாத கை', அதாவது தன் நலனைத் தேடுபவனையே ஊர் நன்மைக்கும் இட்டுச்செல்லும் கை, அத்தனை பெரிய நூலில் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. ஒரே தொழில் செய்பவர்கள் கேளிக்கைக்காகக் கூடினாலும் பேச்சு விலையேற்றும் சதியில்தான் போய் முடியும் என்று எழுதியவரும் அதே மனிதர்தான். தேர்வுக்கு வராது என்று அந்தப் பக்கத்தை நாம் புரட்டவேயில்லை.

இனிச் சொல்வது விளையாட்டல்ல. கல்யாணத்துக்கு வரும் கூட்டத்துக்குத் தண்ணீர் போதாதென்று வீட்டில் 620 அடிக்கு ஆழ்துளைக் கிணறு போட்டேன். எதிர்வீட்டுக்காரர் 450 அடி போட்டிருந்ததால் அதற்குக் கீழே போனால்தான் நமக்குக் கிடைக்கும் என்பது என் கணக்கு. நாளை இன்னொருவர் 800 போவார். இரண்டு மாதத்தில், பின்வீட்டில் தனியாக இருக்கும் டீச்சரின் பழைய உறைகிணறு வற்றிவிட்டது. என் குழாய்தான் காரணம் என்று நிரூபிக்க யாராலும் முடியாது என்று எனக்குள் வக்கீல்போல வாதாடிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் அவர் பிளாஸ்டிக் குடத்தோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை.

பூச்சந்தையில் நான் கூடுதலாக எடுத்தால் அதற்கு என் சட்டைப்பையிலிருந்தே விலை போகிறது. பூமிக்கடியில் நான் கொடுப்பது மின்கட்டணம் மட்டும். நீர்மட்டம் இறங்கியதற்கான விலையை டீச்சர் கொடுக்கிறார். நான் இறைக்காமல் விட்டாலும் எதிர்வீட்டுக்காரர் இறைத்துவிடுவார் என்பதால் விட்டுக்கொடுப்பவன்தான் ஏமாளி ஆகிறான். அதே சுயநலம்தான், நண்பா. இங்கே அது குடத்தைக் காலியாக்குகிறது. 2009இல் பொருளாதாரத்துக்கு நோபல் பெற்ற அமெரிக்க அறிஞர் எலினோர் ஆஸ்ட்ரம் தம் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தது இதைத்தான்: தெற்குக் கலிஃபோர்னியாவில் நிலத்தடி நீரை ஆளுக்கு ஆள் உறிஞ்சிக் கடல்நீர் உள்ளே வரத் தொடங்கியபோது, உறிஞ்சியவர்களே கூடிப் பேசி அளவு வைத்துக்கொண்ட கதை.

ஸ்மித் 1778இல் சுங்க ஆணையரானதும், தடைசெய்யப்பட்ட இறக்குமதிப் பட்டியலில் தம்முடைய கழுத்துத் துணியும் கைக்குட்டையுமே இருப்பதைக் கண்டு அவற்றைக் கொளுத்திவிட்டதாக ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். 620 அடிக் குழாயை நான் எங்கே போட்டுக் கொளுத்துவது?

அடுத்த ஞாயிறு தெருக்காரர்களை எங்கள் மொட்டைமாடிக்கு அழைத்திருக்கிறேன். எதிர்வீட்டுக்காரர் வருவது சந்தேகம். விடுதி மெஸ் கணக்கையே தீர்த்து வைத்த உன் வாய் அன்று இங்கே வேண்டும். சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறிவிடு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்